மாதிரி ரயில் கன்ட்ரோல் பேனலுக்கு எந்த வயர் வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதிரி ரயில் ஓட்டுகிறவர்கள் நம் பக்கம் குறைவுதான். அந்தக் கொஞ்சம் பேரும் தண்டவாளம் பதித்து முடித்ததும் ஒரே இடத்தில், ரயிலை இயக்கும் சுவிட்சுகள் இருக்கும் கன்ட்ரோல் பேனலில், வந்து நிற்கிறார்கள்: "பேனலுக்கு என்ன வயர் போடுறது?" போனில், வாட்ஸ்அப்பில், என் வீட்டு லேஅவுட்டை (பலகையில் அமைத்த மாதிரி ரயில் பாதை) பார்க்க வந்தபோது என்று திரும்பத் திரும்ப இதையே கேட்டதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, என் பதில்களையும் சேர்த்து வைத்துவிட்டேன்.

என்னுடையது எச்.ஓ. அளவு. 1:87 விகிதம், தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. ஆனால் இங்கே சொல்லும் கணக்குகள் என் அளவுக்கும் பிரிட்டிஷ் ஓ.ஓ. அளவுக்கும் அப்படியே பொருந்தும். தோட்டத்தில் ஓட்டும் பெரிய ரயில்கள் இழுக்கும் கரண்ட் வேறு. அவர்கள் எண்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பேனலுக்குள்ள அப்படி என்னதான் ஓடுது? எல்லாம் ஒரே கரண்ட்தானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் மற்ற எல்லா பதிலும் இதில்தான் தொடங்குகிறது. சாதாரண டி.சி. லேஅவுட்டின் (தண்டவாள வோல்ட்டை ஏற்றி இறக்கி வேகத்தை மாற்றும் வகை) பேனலில் மூன்று விதமான வேலை நடக்கிறது. ரயில் ஓடும் கரண்ட் கன்ட்ரோலரில் இருந்து பேனல் சுவிட்ச் வழியாக ஒவ்வொரு பிளாக்குக்கும் (தனியாகப் பிரித்த தண்டவாளப் பகுதி) போகிறது, இன்றைய எச்.ஓ. எஞ்சின் ஓடும்போது அரை ஆம்பியருக்குள் அடங்கிவிடும், பழசாக இருந்தால் ஒன்றைத் தாண்டும். அடுத்தது பாயின்ட்டை (பாதை இரண்டாகப் பிரியும் இடம்) மாற்றும் மோட்டார். மூன்றாவது, எந்தப் பக்கம் பாயின்ட் திரும்பியிருக்கிறது என்று காட்டும் எல்.இ.டி. விளக்குகள், அவை இழுப்பது சில மில்லி ஆம்பியர்.

ஆகவே "என்ன வயர்?" என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது இரண்டு: அதில் எவ்வளவு கரண்ட் ஓடும்? போட்ட பிறகு அது அசையுமா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் கலர், விலை, பிராண்டு எல்லாம் தானாக வந்துவிடும்.

அதெல்லாம் வேண்டாம் அண்ணே, ஒரே ஒரு சைஸ் சொல்லுங்க. அதையே வாங்கிக்கிறேன்.

சரி. 0.5 சதுர மி.மீ. மல்டி ஸ்ட்ராண்ட், சுத்தமான செம்பு. பேனலுக்குள் இருக்கும் வேலையில் பெரும்பகுதியை இது பார்த்துக்கொள்ளும். சுவிட்ச் காலில் ஈயம் வைக்க (சால்டர் செய்ய) வசதி, வளைக்க வசதி, 3 ஆம்பியர் வரை கவலை இல்லை.

ஆனால் இரண்டு இடத்தில் இது போதாது: சொலினாய்டு (காந்தச் சுருளால் ஒரே அடியில் மாற்றும்) பாயின்ட் மோட்டார்களுக்குப் போகும் நீளமான வயர், எல்லாக் கரண்டும் பொதுவாகத் திரும்பி வரும் காமன் வயர். அங்கே இது ஏன் போதாது என்று கீழே வருகிறது.

கடையில 7/36, 14/36ன்னு சொல்றாங்க. வீடியோல 22 கேஜ்ங்கறாங்க. எது எதுக்குச் சமம்?

நம் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில், சென்னை ரிச்சி தெரு ஆனாலும் சரி, வேறு ஊர் ஆனாலும் சரி, ஹூக்கப் வயரை (கருவிகளுக்குள் இணைக்கும் மெல்லிய வயர்) இழைக் கணக்கில்தான் சொல்வார்கள். 7/36 என்றால் 36 கேஜ் இழை ஏழு சேர்ந்தது. அந்த 36, பிரிட்டிஷ் கேஜ். ஓர் இழையின் தடிமன் 0.193 மி.மீ. ஏழு இழையும் சேர்ந்தால் 0.2 சதுர மி.மீ. வரும். 14/36 சுமார் 0.4, 23/36 சுமார் 0.67 சதுர மி.மீ.

வெளிநாட்டு வீடியோக்களில் வருவது அமெரிக்க கேஜ். அதில் 24 என்பது 0.2, 22 என்பது 0.33, 20 என்பது 0.5, 18 என்பது 0.8, 14 என்பது 2.1 சதுர மி.மீ. எண் ஏற ஏற வயர் மெலியும். ஆக, அவர்கள் 24 கேஜ் என்றால் நீங்கள் 7/36 கேளுங்கள். 22 கேஜ் என்றால் 14/36 வாங்கினால் கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கும். 20 கேஜ் என்றால் 0.5 சதுர மி.மீ.

ஒரு சின்ன வில்லங்கம் உண்டு. பழைய எலக்ட்ரீஷியன்கள் 1/18, 3/20 என்று சொல்வதும் பிரிட்டிஷ் கேஜ்தான். பிரிட்டிஷ் 18 கேஜ் கம்பியின் தடிமன் 1.22 மி.மீ., அமெரிக்க 18 கேஜ் 1.02 மி.மீ. ஒரே எண், வேறு கம்பி. சந்தேகம் வந்தால் சதுர மி.மீ. கணக்கில் பேசிவிடுங்கள், அங்கே குழப்பத்துக்கு இடமில்லை.

சிங்கிள் ஸ்ட்ராண்ட் நல்லதா, மல்டி ஸ்ட்ராண்ட் நல்லதா?

கரண்டுக்கு இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் எல்லாம் வளைப்பதில். சிங்கிள் ஸ்ட்ராண்ட் வளைத்த இடத்தில் அப்படியே நிற்கும், பலகைக்கு அடியில் நேராக இழுத்து அடித்துவிட அருமையாக இருக்கும். ஆனால் நாலு தடவை மடக்கி நிமிர்த்தினால் ஒடியும். மல்டி ஸ்ட்ராண்ட் தொங்கும், சுருளும், பார்க்க அழகாக இருக்காது, ஆனால் ஒடியாது.

என் முதல் பேனலை கீல் போட்டுத் திறக்கிற மாதிரி செய்திருந்தேன். உள்ளே முழுக்க சிங்கிள் ஸ்ட்ராண்ட். வரிசையாக, கோயில் தேர் வடம் மாதிரி கட்டி வைத்திருந்ததைப் பார்த்து எனக்கே பெருமை. ஒரு வருடத்துக்குள் கீல் பக்கம் ஒவ்வொன்றாக ஒடிய ஆரம்பித்தது. அதிலும் இன்சுலேஷனுக்கு உள்ளே ஒடியும். வெளியே ஒன்றும் தெரியாது. கதவை மூடினால் ரயில் ஓடும், திறந்து பார்த்தால் நிற்கும். மல்டிமீட்டரோடு எத்தனை ஞாயிற்றுக்கிழமை போனது என்று வீட்டில் இன்னும் கணக்குச் சொல்வார்கள்.

அதனால் பேனலுக்குள்ளும், பேனலில் இருந்து பலகையின் முதல் கனெக்டர் ஸ்ட்ரிப் வரையும் மல்டி ஸ்ட்ராண்ட். அதற்கு அப்புறம் பலகைக்கு அடியில் அசையாமல் போகும் பகுதியில் எது மலிவோ அது. கீல் இருக்கும் இடத்தில் வயர்க் கட்டைக் கீலுக்கு இணையாகக் கொஞ்ச தூரம் கொண்டுபோய்த் திருப்புங்கள். அப்போது கதவு திறக்கையில் வயர் மடங்காது, முறுக்கிக்கொள்ளும். முறுக்கலை வயர் தாங்கும்.

வீட்டு வயரிங்ல மிஞ்சின 1 சதுர மி.மீ. வயர் அரை காயில் இருக்கு. அதைப் போடலாமா?

கரண்டைப் பொறுத்தவரை தாராளமாகப் போடலாம். தொல்லை இன்சுலேஷனில். வீட்டு வயரின் உறை 1100 வோல்ட் தரத்துக்குச் செய்தது. 12 வோல்ட் வேலைக்கு அது தேவையில்லாத தடிமன். முப்பது சுவிட்ச் இருக்கும் பேனலில் ஒரு சுவிட்சுக்கு நாலு வயர் என்றால் நூற்றுக்கு மேல் வருகிறது. அந்தத் தடிமனில் நூறு வயரைக் கட்டினால் பேனல் மூடாது. சின்ன டாகிள் சுவிட்சின் காலும் அந்த எடையில் ஆட்டம் காணும்.

மிஞ்சியதைக் காமன் வயருக்கும் டி.சி. தண்டவாள பஸ்ஸுக்கும் (பலகைக்கு அடியில் ஓடி, கிளைகள் வழியாகத் தண்டவாளத்துக்குக் கரண்ட் கொடுக்கும் முக்கிய வயர்) வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அது வீணாகாது.

வயர் நீளத்துல எவ்வளவு வோல்ட் போகும்? எனக்குக் கணக்கு வராது.

ஒரே ஒரு எண்ணை நினைவில் வையுங்கள்: 1 சதுர மி.மீ. செம்பு வயர், ஒரு மீட்டருக்கு 0.02 ஓம். பாதி கனம் என்றால் இரண்டு மடங்கு, 0.04. ஐந்தில் ஒரு பங்கு கனம் என்றால் ஐந்து மடங்கு, 0.1. துல்லியமாகப் பார்த்தால் இதைவிடக் கொஞ்சம் குறைவாக வரும். நமக்கு இது போதும்.

இந்த எண்ணை மீட்டரால் பெருக்கி, கரண்டால் பெருக்கினால் போகிற வோல்ட் வந்துவிடும். மறக்கக் கூடாதது, கரண்ட் போய்த் திரும்ப வேண்டும். 5 மீட்டர் தூரம் என்றால் வயர் 10 மீட்டர். எடுத்துக்காட்டாக, 0.5 சதுர மி.மீ. வயரில் 6 மீட்டர் தள்ளி இருக்கும் பிளாக்கில் அரை ஆம்பியர் எஞ்சின்: 0.04 × 12 × 0.5, கால் வோல்ட்கூட இல்லை. எஞ்சினுக்கு அது தெரியவே தெரியாது. பேனலுக்கு 0.5 போதும் என்று மேலே சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

பாயின்ட் மோட்டாருக்கு எந்த வயர்? ஒருத்தர் தலைமுடி மாதிரி வயர் போதும்ங்கறார், இன்னொருத்தர் தடியா போடுங்கறார்.

இரண்டு பேரும் சொல்வது சரி, வேறு வேறு மோட்டாரைப் பற்றிச் சொல்கிறார்கள். டார்டாய்ஸ் என்ற பிராண்டு போல மெதுவாக நகரும் மோட்டார் 12 வோல்ட்டில் சுமார் 16 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும். அதற்கு 7/36 போட்டு 10 மீட்டர் இழுத்தாலும் போகிற வோல்ட் ஒரு பொருட்டே இல்லை.

பெக்கோ பிராண்டு மாதிரி சொலினாய்டு கதையே வேறு. "டக்" என்று ஒரே அடி. அந்த ஒரு கணத்தில் 3 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நான் அளந்த சுருள்களில் தடை 4 முதல் 5 ஓம் வரை இருந்தது. 6 மீட்டர் தூரத்துக்கு 0.2 சதுர மி.மீ. வயர் போட்டால் போக வர 12 மீட்டர். வயரே ஓர் ஓமுக்கு மேல் சேர்த்துவிடுகிறது. கரண்ட் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், காந்தத்தின் இழுவை மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஏனென்றால் இழுவை ஏறக்குறைய கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.75 சதுர மி.மீ. போட்டால் இழப்பு அதில் பாதிகூட வராது.

இது எனக்குத் தெரியாமல் மாட்டிக்கொண்டதும் உண்டு. பேனலில் இருந்து கடைசியில் இருந்த பாயின்ட் மட்டும் பாதி வழியில் நிற்கும். மோட்டார் கெட்டுவிட்டது என்று மாற்றினேன்; புதுசும் அப்படியே. மறுபடி மாற்றினேன். கழற்றிய இரண்டையும் பேனல் பக்கத்திலேயே வைத்துச் சோதித்தால் சுத்தியல் மாதிரி அடிக்கிறது! வயரை மாற்றியதும் சரியானது. ஆக, சொலினாய்டுக்கு 0.75, தூரம் 5 மீட்டரைத் தாண்டினால் 1. கபாசிட்டரில் சேர்த்து வைத்து ஒரே வீச்சில் கொடுக்கும் சி.டி.யூ. இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் மெல்லிய வயரின் குறையை அது முழுதாக ஈடுகட்டாது.

காட்டோ பிராண்டு பாயின்ட்டுகளில் இரண்டே வயர், துருவத்தை மாற்றினால் பாயின்ட் மாறும். அவையும் நொடிநேரக் கரண்டுக்குச் செய்தவைதான். சாதாரண டாகிள் போட்டுக் கரண்டை விட்டு வைத்தால் சுருள் கருகும். அமுக்கி விடும் சுவிட்ச் போடுங்கள்.

எல்.இ.டி.க்கு?

எது இருக்கிறதோ அது. 12 வோல்ட்டுக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் 10 மில்லி ஆம்பியர் வரும், இன்றைய எல்.இ.டி.க்கு அதுவே கண்ணைக் கூசும். 2.2 கிலோ ஓம் போட்டுப் பாருங்கள்.

நெட்வொர்க் கேபிள், கேட் 6, மிச்சம் நிறைய இருக்கு. எட்டு வயர் ஒரே உறைக்குள்ள. பேனலுக்குப் பிரமாதமா இருக்குமே?

இருக்கும், சரியான வேலைக்குக் கொடுத்தால். கேட் 5இ கேபிளின் ஒவ்வொரு வயரும் அமெரிக்க 24 கேஜ், கேட் 6 பெரும்பாலும் 23. கலர் எட்டும் தனித்தனி, விலை மலிவு. டார்டாய்ஸ் வகை மோட்டார், எல்.இ.டி., பாயின்ட் நிலையைத் திருப்பிச் சொல்லும் வயர் இவற்றுக்கு இதைவிட நல்லது கிடைக்காது. சொலினாய்டுக்கு வேண்டாம், முந்தைய கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு கரண்டைத் தின்றது இதே 0.2 தான். தண்டவாளத்துக்கும் வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கை. சுவருக்குள் போடும் கேட் கேபிள் சிங்கிள் ஸ்ட்ராண்ட். கீல் கதையை மறக்காதீர்கள். இரு முனையிலும் பிளக் வைத்து வரும் பேட்ச் கார்டு மல்டி ஸ்ட்ராண்டாக இருக்கும், அதை வெட்டிப் பயன்படுத்தலாம். இரண்டாவது எச்சரிக்கை பெரியது, போலிச் செம்பு. அதற்கு அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

வாங்கின வயர்ல ஈயம் ஒட்டவே மாட்டேங்குது. நான் செய்யறது தப்பா, வயர் தப்பா?

பெரும்பாலும் வயர்தான். மலிவான நெட்வொர்க் கேபிளிலும் ஸ்பீக்கர் வயரிலும் செம்பு பூசிய அலுமினியம் தாராளமாக வருகிறது. மேலே செம்பு நிறம், உள்ளே அலுமினியம். தடை சுத்தச் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல், வளைத்தால் சீக்கிரம் ஒடியும், செம்புப் பூச்சு உரிந்த இடத்தில் ஈயம் ஒட்டாது. நானும் ஒரு கடையில் "ப்யூர் காப்பர் சார்" என்ற உத்தரவாதத்தோடு நூறு மீட்டர் வாங்கி ஏமாந்தவன்.

கண்டுபிடிப்பது சுலபம். ஓர் இழையை எடுத்து பிளேடால் சுரண்டுங்கள். வெள்ளை தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆனால் ஈயம் பூசிய செம்பும் வெளியே வெள்ளையாக இருக்கும். அதைச் சுரண்டினால் உள்ளே சிவப்பு வரும், அது நல்ல வயர். இன்னொரு சோதனை எடை. நல்ல செம்புக் காயிலைக் கையில் எடுத்தாலே அமுக்கும்.

வயர் நல்லதாக இருந்தும் ஒட்டவில்லை என்றால், பழைய வயர் கறுத்திருக்கும். சுரண்டிவிட்டு ரோசின் ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) தொட்டு வையுங்கள். பாத்திரக்காரர்கள் பயன்படுத்தும் ஆசிட் ஃபிளக்ஸை பேனல் பக்கமே கொண்டுவர வேண்டாம்; சில மாதத்தில் பச்சை பூத்து வயரைத் தின்றுவிடும்.

எல்லாத்துக்கும் ஒரே காமன் வயர் ஓட்டினா பாதி வயர் மிச்சமாகுமே. செய்யலாமா?

செய்யலாம், நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன். ஆனால் போகிற வயர் ஒவ்வொன்றும் தன் கரண்டை மட்டும் சுமக்கிறது, காமன் எல்லாருடையதையும் சுமக்கிறது. மூன்று ரயில், முப்பது எல்.இ.டி., நடுவில் ஒரு சொலினாய்டு அடி. காமனை மெல்லியதாகப் போட்டால், பாயின்ட் மாற்றும் ஒவ்வொரு தடவையும் ரயில் ஒரு கணம் தயங்கும், விளக்கு கண் சிமிட்டும். அந்த அறிகுறி தெரிந்தால் நேராகக் காமனைப் பாருங்கள். 1 சதுர மி.மீ.க்குக் குறையாமல், முடிந்தால் 1.5 போடுங்கள். வீட்டு வயரிங் மிச்சம் இங்கே உதவும்.

இன்னும் நல்லது, சொலினாய்டுகளுக்கு ஒரு காமன், மற்றதுக்கு ஒரு காமன். டி.சி.சி. (தண்டவாளம் வழியாகவே ஒவ்வொரு எஞ்சினுக்கும் டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) வைத்திருப்பவர்கள் தண்டவாள பஸ்ஸின் எந்த வயரையும் பேனல் காமனோடு இணைக்கவே கூடாது. அங்கே தண்டவாளம் தனி உலகம்.

டி.சி.சி.க்கு மாறப் போறேன். பேனல் வயரிங் எல்லாம் பிடுங்கிப் போடணுமா?

தேவையில்லை, ஆனால் ரயில் ஓடும் கரண்டைப் பேனலில் இருந்து விலக்கிவிடுங்கள். டி.சி.யில் ஒவ்வொரு பிளாக்கும் பேனல் சுவிட்ச் வழியாகப் போனது. டி.சி.சி.யில் 5 ஆம்பியர் பூஸ்டர் (தண்டவாளத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) எல்லா எஞ்சினுக்கும் சேர்த்து ஒரே பஸ்ஸில் கொடுக்கிறது. அது 2.5 சதுர மி.மீ. வயரில் பலகைக்கு அடியில் நேராக ஓடட்டும். ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் 0.5 வயரில் சின்னக் கிளை, ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். பேனலில் பாயின்ட்டும் விளக்கும் மட்டும் மிஞ்சும். நிறுத்தி வைக்கும் பாதைகளுக்கு ஆஃப் சுவிட்ச் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், சுவிட்சும் வயரும் 5 ஆம்பியர் தாங்கினால்.

போட்டு முடித்ததும் நாணயச் சோதனை செய்யுங்கள். ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தைத் தண்டவாளம் இரண்டையும் தொடும்படி, பூஸ்டரில் இருந்து தூரமான மூலையில் வையுங்கள். பூஸ்டர் உடனே ட்ரிப் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் வழியில் எங்கோ மெல்லிய வயரோ தளர்ந்த ஜாயினரோ (தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் தகடு) இருக்கிறது. அந்தத் தடையால் ஷார்ட் பூஸ்டருக்குத் தெரியாமல் போகிறது. ஐந்து ஆம்பியரும் அங்கேயே நின்று சூடாக்கிக்கொண்டிருக்கும். எஞ்சின் சக்கரம் உருகிய பிளாஸ்டிக்கில் உட்கார்ந்திருப்பதை ஒருமுறை பார்த்தவர் இந்தச் சோதனையைத் தவறவிடமாட்டார்.

பவர் சப்ளையிலேயே ஷார்ட் பாதுகாப்பு இருக்கே, பியூஸ் எதுக்கு?

சப்ளையின் பாதுகாப்பு சப்ளையைக் காப்பாற்ற வைத்தது. 10 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளையில் இருந்து 7/36 வயர் ஒன்று எல்.இ.டி.க்குப் போகிறது என்று வையுங்கள். அந்த வயர் ஷார்ட் ஆனால் பத்து ஆம்பியர் வரை சப்ளை நிம்மதியாகக் கொடுக்கும், வயர்தான் எரியும். பியூஸ் அளவை வயரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்: 7/36 போகும் கிளைக்கு 1 ஆம்பியர், 0.5 வயருக்கு 2 அல்லது 3.

கண்ணாடி பியூஸ் மலிவு, காரில் வரும் பிளேடு பியூஸ் மாற்றச் சுலபம், பாலிஃபியூஸ் ஆறியதும் தானாகத் திரும்பும். எனக்குப் பிடித்தது பழைய வழி: டி.சி.சி. கிளைக்கு வரிசையில் ஒரு 12 வோல்ட் 21 வாட் வண்டி இண்டிகேட்டர் பல்பு. சாதாரணமாக ஓடும்போது எரியாது. ஷார்ட் ஆனால் பளீரென்று எரிந்து கரண்டை இரண்டு ஆம்பியருக்குப் பக்கத்தில் பிடித்து வைக்கும், எந்தப் பிளாக்கில் ஷார்ட் என்றும் அதுவே காட்டிக் கொடுக்கும். ஆனால் பல்பு போட்ட பிளாக்கில் நாணயம் வைத்தால் பூஸ்டர் ட்ரிப் ஆகாது, பல்புதான் எரியும். அங்கே அதுதான் சரியான விடை.

கலர் எல்லாம் முக்கியமா? கறுப்பு மட்டும்தான் மலிவா கிடைச்சது.

ஐம்பது வயரும் கறுப்பாக இருக்கும் பேனலை நான் பழுது பார்க்க வரமாட்டேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலைக்கு ஒரு கலர் வைத்து, எதற்கு எது என்று பேனல் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள்.

கலர் பற்றாமல் போனால் டெலிபோன்காரர்கள் வழி கைகொடுக்கும். 25 ஜோடி டெலிபோன் கேபிளில் வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா என்று ஐந்து. நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் என்று இன்னொரு ஐந்து. ஐந்தை ஐந்தால் பெருக்கினால் இருபத்தைந்து ஜோடி, எதுவும் எதோடும் குழம்பாது. மாதிரி ரயிலுக்கும் டெலிபோனுக்கும் பழைய உறவு உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946இல் மாணவர்கள் தொடங்கிய ரயில் கிளப்பின் லேஅவுட்டை நெடுங்காலம் ஓட்டியது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ரிலேக்கள்தான்.

கலரோடு எண்ணும் வேண்டும். இங்கே ஒரு சொல் குழப்பம்: நம் ஊர் பேனல் பட்டறைகளில் ஃபெரூல் என்றால் வயரில் மாட்டும் எண் வளையம். வெளிநாட்டு வீடியோவில் ஃபெரூல் என்றால் வயர் முனையில் அமுக்கும் உலோகக் குழல். அதை நம் கடையில் பின் லக் என்று கேட்க வேண்டும். இரண்டையும் வாங்குங்கள்.

ஸ்க்ரூ கனெக்டர்ல மாட்டறதுக்கு முன்னாடி வயர் முனைக்கு ஈயம் வெச்சா கெட்டியா இருக்கும்ல?

அன்றைக்குக் கெட்டியாக இருக்கும். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நெகிழும். சில மாதத்தில் ஸ்க்ரூ தளர்ந்து நிற்கும். ஸ்க்ரூவுக்குப் போகும் முனையில் மேலே சொன்ன பின் லக் அமுக்குங்கள், இல்லாவிட்டால் இழைகளை முறுக்கி அப்படியே மாட்டுங்கள். ஈயம் சுவிட்ச் காலுக்கு மட்டும்.

பேனலைத் தனியா கழற்றி எடுக்கணும், வீடு மாறும்போது தேவைப்படும். என்ன பிளக் போடுறது?

25 பின் டி கனெக்டர் நல்ல தேர்வு. ஸ்க்ரூ போட்டு இறுக்கலாம், பேனல் இரண்டாக மூன்றாகப் பிரிந்தாலும் தாங்கும். ஒரு பின்னுக்கு ஒரு ஆம்பியர் என்று வைத்துக்கொண்டு, ரயில் கரண்டுக்கு இரண்டு பின்களைச் சேர்த்துக் கொடுக்கிறேன். சொலினாய்டு காமனுக்கு நாலு. பழைய பிரின்டர் கேபிளை அப்படியே எடுத்து மாட்டலாமா என்றால், விளக்குக்கும் டார்டாய்ஸுக்கும் சரி. உள்ளே இருப்பது 7/36-ஐவிட மெல்லிய வயர்.

எக்காரணம் கொண்டும் வீட்டு டூ பின், த்ரீ பின் பிளக்கை லேஅவுட் இணைப்புக்குப் பயன்படுத்தாதீர்கள். மலிவு, எங்கும் கிடைக்கும், எல்லாம் உண்மை. என்றைக்காவது ஒரு குழந்தை அதைச் சுவரில் செருகும். அதே காரணத்துக்காக 230 வோல்ட் பேனலுக்குள்ளேயே வர வேண்டாம். அடாப்டர் வெளியே இருக்கட்டும், உள்ளே வருவது 12, 16 வோல்ட் மட்டும்.

பாயின்ட் மாத்த சர்வோ மோட்டார் போட்டேன். பேனல்ல இருந்து இழுத்தா தானா நடுங்குது. தடி வயர் போட்டாச்சு, அப்பவும் நிக்கலை.

இங்கே வயரின் கனம் பாதிக் காரணம்தான். சர்வோவுக்கு மூன்று வயர்: 5 வோல்ட், கிரவுண்ட், சிக்னல். சர்வோ நகரும்போது சட்டென்று கரண்ட் இழுக்கும், நீளமான வயரில் அந்த 5 வோல்ட் சரியும். அதற்குக் கனம் உதவும். ஆனால் சிக்னல் வயர் மில்லி நொடிக் கணக்கில் துடிப்புகளைக் கொண்டு போகிறது. சொலினாய்டு வயரோடு சேர்த்துக் கட்டி 4 மீட்டர் இழுத்தால், பக்கத்து வயரின் ஒவ்வொரு அடியும் அதில் ஏறிக்கொள்ளும்.

கன்ட்ரோலர் போர்டைப் பேனலில் இருந்து எடுத்து சர்வோவுக்குப் பக்கத்தில், பலகைக்கு அடியில் வையுங்கள். போர்டில் இருந்து சர்வோவுக்கு அது கொண்டுவந்த ஒரு சாண் வயரே போதும். பேனலில் இருந்து போர்டுக்கு சுவிட்ச் வயர் மட்டும் போகட்டும். அதற்கு கேட் 5இ, ஒரு ஜோடியில் ஒன்று சுவிட்சுக்கு, மற்றது கிரவுண்டுக்கு. த்ராட்டில் (கையில் பிடித்து வேகத்தை மாற்றும் கருவி) கேபிளையும் இதே மாதிரி சொலினாய்டு கட்டில் இருந்து விலக்கி, குறுக்கே போகும் இடத்தில் செங்குத்தாகக் கடக்க விடுங்கள்.

கடைசியா ஒண்ணு. எத்தனை மீட்டர் வாங்கறது?

பேனலில் இருந்து ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் கயிறு பிடித்து அளந்து பாருங்கள், வயர் போகும் பாதையிலேயே, பலகைக்கு அடியில் மூலை மூலையாக. நேர்கோட்டில் 3 மீட்டர் இருப்பது கயிற்றில் 4, 5 வரும். எல்லாவற்றையும் கூட்டி, ஒவ்வொரு முனைக்கும் ஒரு முழம் சேருங்கள். பேனலை வெளியே இழுத்து மடியில் வைத்து ஈயம் வைக்க அந்த முழம் வேண்டும். தலைகீழாகப் படுத்து, முகத்தில் சூடான ஈயம் சொட்ட வேலை செய்து பார்த்தவர்கள் முழத்துக்குக் கஞ்சத்தனம் பார்க்கமாட்டார்கள்.

0.5 வயரை 90 மீட்டர் காயிலாக ஒரு கலர், மற்ற கலர்களைப் பத்துப் பத்து மீட்டராக வாங்குவது என் வழக்கம். ஒவ்வொரு கட்டிலும் இரண்டு வயர் சும்மா விடுங்கள். பேனல் முடிந்த மறுவாரம் இன்னொரு பாயின்ட் சேர்க்கத் தோன்றும்.